கூரைக்கு மேல் பாய்மரம்

ஸ்டொக்ஹோமில் நாங்கள் நின்றது எல்லாமாக ஆறு மணித்தியாலம்தான். 1996, யூலை மாதக் கடைசி. எனக்குப் பத்து வயது, தம்பிக்கு ஆறு. டென்மார்க்கில் ஹேர்னிங் என்ற ஊரில் மாமாவுக்குக் கலியாணம். அதற்காக நோர்வேயின் வடக்கு விளிம்பிலிருந்து புறப்பட்டு, பின்லாந்துக்குள்ளால் இறங்கி, சுவீடனை மேலிருந்து கீழாகக் கடந்து போய்க்கொண்டிருந்தோம். அந்த நகரத்தில் நிற்கிற எண்ணமே எங்களுக்கு இருக்கவில்லை. பிறகு எத்தனையோ தடவை அங்கே போயிருக்கிறேன், வேலைக்காகக் கிழமைக் கணக்கில் தங்கியும் இருக்கிறேன். ஆனாலும் அந்தப் பெயரைக் கேட்டவுடன் மனதில் எழும்பி வருவது அந்த ஆறு மணித்தியாலம்தான். அதற்குள்ளும் முக்கால்வாசி ஒரு மரக்கப்பல்.

எங்கள் ஊர் பாட்ஸ்ஃபியூர்ட். பாரென்ட்ஸ் கடலோரத்தில், மொட்டை மலைகளுக்கு நடுவே கிடக்கும் மீன்பிடி ஊர். மரம் என்று சொல்லக்கூடிய மரம் அங்கே இல்லை. குளிர்காலத்தில் இரண்டு மாதம் சூரியன் எழும்பாது. மே நடுப்பகுதியிலிருந்து யூலை முடியும் மட்டும் அது விழாது. மீன் தொழிற்சாலைகளில் வேலை கிடைத்ததால் எண்பதுகளிலிருந்து எங்கள் ஆட்கள் அங்கே வந்து சேர்ந்திருந்தார்கள். அப்பாவும் அப்படி வந்தவர்தான். தொர்ஸ்க் மீனை முள் களைந்து பெட்டியில் அடுக்குகிற வரிசையில் வெள்ளை அங்கியும் தொப்பியும் போட்டுக்கொண்டு நிற்பார். வேலையால் வந்தால் சவர்க்காரம் போட்டு மூன்று தரம் கை கழுவுவார். அப்படியும் சோறு குழைத்துத் தரும்போது விரலில் மீன் மணக்கும். எனக்குத் தெரிந்த அப்பா அவ்வளவுதான். குறைவாகக் கதைக்கிற, நோர்வேஜிய மொழியில் இன்னும் குறைவாகக் கதைக்கிற மனிதர். பள்ளிக்கூடத்திலிருந்து வரும் கடிதம், வங்கியிலிருந்து வரும் கடிதம் எல்லாவற்றையும் நான்தான் வாசித்துத் தமிழில் சொல்ல வேண்டும்.

அப்பாவின் ஊர் வல்வெட்டித்துறை. அந்த மே மாதம் வடமராட்சி முழுவதும் இராணுவத்தின் கைக்குப் போயிருந்தது. அப்பப்பாவும் அப்பம்மாவும் வீட்டில்தான் இருக்கிறார்களா, இடம்பெயர்ந்து போனார்களா என்று ஒரு செய்தியும் இல்லை. தொலைபேசி மணி அடித்தால் அப்பா ஓடிப்போய் எடுப்பார். அவருடைய பயணப் பத்திரம் நீல நிறம், அகதிகளுக்குக் கொடுப்பது. இலங்கையைத் தவிர மற்ற நாடுகளுக்கு இது செல்லும் என்று அதில் எழுதியிருந்ததை அவருக்கு வாசித்துக் காட்டியதும் நான்தான். பயணம் முழுக்க அதைச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தார். எல்லைகளில் ஒருவரும் எங்களை மறிக்கவில்லை. ஆனாலும் ஒவ்வொரு எல்லைப் பலகையையும் கண்டதும் கை அந்தப் பைக்குப் போய்த் தடவிப் பார்த்துவிட்டு வரும்.

வழியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. 1,700 கிலோமீற்றருக்கு மேல் காடு, காடு, காடு. பின்லாந்தில் தெரு நடுவில் கலைமான்கள் படுத்திருந்தன. அம்மா கட்டிக்கொண்டு வந்த புட்டு இரண்டாம் நாளே காய்ந்து மணலாகிவிட்டது. தொர்ஸ்க் மீனில் செய்த கட்லட் மட்டும் கடைசி வரை தாங்கியது. பழைய வொல்வோவின் பின்சீற்றில் தம்பியின் தலை என் மடியில் கிடக்க, சுவீடனின் கிழக்குக் கரையோரமாகக் கீழே கீழே இறங்கினோம். அப்பா ஒருவர்தான் ஓட்டுகிறவர். உப்சாலா தாண்டும்போது அவருக்குக் கண் சிவந்து, காரை ஒருக்கால் ஓரத்துக்கு விட்டுவிட்டார். அம்மா முன்சீற்றிலிருந்து திடுக்கிட்டு எழும்பினா.

“இஞ்சாருங்கோ, இனி ஒரு அடியும் ஓட வேண்டாம். எங்கையாவது நிப்பாட்டிக் கொஞ்சம் நித்திரை கொள்ளுங்கோ.”

அப்படித்தான் அந்த நகரத்துக்குள் நுழைந்தோம். தண்ணீருக்கு மேலே பாலம், அதைத் தாண்டினால் இன்னொரு தண்ணீர், அதற்கு மேலும் பாலம். ஒரு நகரத்துக்குள் இவ்வளவு கடல் இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. எங்கே போகிறோம் என்று தெரியாமல் போய், யூர்கோர்டன் என்ற பச்சைத் தீவின் ஓரத்தில் நிழலுக்குக் காரை விட்டார் அப்பா. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, சீற்றைப் பின்னுக்குச் சரித்து, ஒரு நிமிடத்துக்குள் குறட்டை விட்டார்.

நாங்கள் மூவரும் புல்லில் துணி விரித்துக் கட்லட் சாப்பிட்டோம். மேலே ஒரு பெரிய மரம். அம்மாவும் நானும் தம்பியும் கை கோத்துச் சுற்றிப் பார்த்தோம், எங்கள் ஆறு கையும் அதற்குப் போதவில்லை. படத்தில் அல்லாமல் அவ்வளவு பெரிய மரத்தை நான் தொட்டது அன்றுதான். பட்டை வெடித்து வெடித்து, விரலை உள்ளே விடும் அளவுக்குப் பள்ளம் பள்ளமாக இருந்தது. கீழே கிடந்த இலை ஒன்றை எடுத்தேன். உள்ளங்கை நீளம். இரண்டு பக்க விளிம்பும் வளைந்து வளைந்து, சின்னப் பிள்ளை கடல் அலை கீறினது போல. என் கொப்பிக்குள் வைத்து மூடினேன். அதற்குக் காரணம் ஒன்றும் இல்லை, எங்கள் ஊரில் இல்லாத பொருள், அவ்வளவுதான்.

அப்பா எழும்பியபோது வெயில் சரிந்திருந்தது. முகம் கழுவத் தண்ணீர் தேடிக் கரைக்கு வந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

“உதென்ன பிள்ளை, கூரைக்கு மேலை பாய்மரம்?”

நானும் பார்த்தேன். கரையோரம் ஒரு பெரிய கட்டடம். அதன் செப்புக் கூரையைத் துளைத்துக்கொண்டு மூன்று பாய்மரங்கள் வானத்துக்குள் நின்றன. பாய் இல்லை, கொடி இல்லை, வெறும் மரங்கள். அப்பா முகம் கழுவ மறந்து அந்தப் பக்கம் நடக்கத் தொடங்கினார். அம்மா பின்னால் கூப்பிட்டா, இரவுக்குள் எவ்வளவு தூரம் ஓட வேண்டும் என்று. அவர் திரும்பவில்லை. எதற்கும் அம்மாவைத் திரும்பிப் பார்த்துச் செய்கிற மனிதர் அவர்.

வாசலில் எழுதியிருந்ததை வாசித்தேன். வாசா அருங்காட்சியகம். காசு கட்டுகிற இடத்தில் இருந்த பெண் சிரித்துக்கொண்டு ஏதோ சொன்னா. நோர்வேஜிய மொழி தெரிந்தவருக்குச் சுவீடிஷ் பாதிக்கு மேல் விளங்கும். ஆனால் சில சொற்கள் ஏமாற்றும். ‘ரூலி’ என்றால் எங்களுக்கு அமைதி. சுவீடன்காரருக்கு அதே சொல் சந்தோசம். நன்றாகப் பார்த்து மகிழுங்கள் என்று அவ சொன்னதை, “அமைதியா இருக்கட்டாம் அம்மா” என்று மொழிபெயர்த்தேன். அம்மா உடனே தம்பியின் வாயில் விரலை வைத்து, “சத்தம் போடப்படாது, கோயில் மாதிரி” என்றா. கதவு திறந்தது. உள்ளே இருந்த இருட்டுக்கும் குளிருக்கும் அந்தத் தவறான மொழிபெயர்ப்பு அவ்வளவு பொருந்திப் போனது.

கண் இருட்டுக்குப் பழகச் சற்று நேரம் எடுத்தது. பிறகு அது தெரிந்தது. கப்பலின் படமோ துண்டோ அல்ல, முழுக் கப்பல். பின்பக்கம் ஏழு மாடி உயரத்துக்கு எழும்பி, சிங்கமும் வீரர்களும் தேவதைகளுமாகச் செதுக்கிய மரச் சிற்பங்கள் ஒட்டி நின்றது. மரம் கறுப்பும் இல்லை, மண்ணிறமும் இல்லை. ஊறவிட்ட தேயிலைச் சாயம். பக்கவாட்டில் இரண்டு வரிசையாகச் சதுரக் கதவுகள் திறந்திருந்தன. ஒவ்வொரு கதவுக்கும் உள்பக்கம் ஒரு சிங்க முகம். அப்பா தலையை நிமிர்த்திப் பார்த்துக்கொண்டே அதன் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு நடந்தார். திரும்பி வந்தார். ஒன்றும் சொல்லவில்லை. தலையில் கையை வைத்திருந்தார்.

ஒரு வழிகாட்டி ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்து கதை சொல்லத் தொடங்கினார். நான் அப்பாவின் கையைப் பிடித்து முன்னால் இழுத்துக்கொண்டு போனேன். மற்ற நாட்களில் கடிதம் வாசித்துச் சொல்வது எனக்கு அலுப்பு. அன்றைக்கு அவருக்கு முன்னால் போய் நின்று ஒவ்வொரு வசனமாகத் திருப்பிச் சொன்னேன்.

இரண்டாம் குஸ்தாவ் அடோல்ஃப் என்ற ராசா கட்டுவித்த போர்க்கப்பல். 64 பீரங்கி. 1628ஆம் ஆண்டு ஓகஸ்ட் 10ஆம் திகதி, நகரமே கரையில் நின்று பார்க்க முதல் முதலாகப் பாய் விரித்தது. பத்துப் பாயில் நான்கைத்தான் விரித்தார்கள். 1,300 மீற்றர் அளவு போயிருக்கும். ஒரு சின்னக் காற்று. கப்பல் இடப்பக்கம் சாய்ந்தது, திறந்திருந்த கீழ்வரிசைப் பீரங்கிக் கதவுகளால் தண்ணீர் உள்ளே வந்தது. கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் தாண்டு போனது. முப்பது பேரளவில் செத்தார்கள்.

“காத்து எப்பிடி? கச்சானோ?” என்றார் அப்பா. பிறகு, “கேள் பிள்ளை, அடியிலை பாரம் என்ன போட்டவையாம்?”

கேட்டேன். கல் என்றார் வழிகாட்டி. ஆனால் கப்பலின் அடி ஒடுக்கமாக இருந்ததால் தேவையான அளவு கல்லுக்கு இடம் இல்லை. இருந்த இடத்தை நிரப்பியிருந்தாலும் கீழ்வரிசைக் கதவுகள் தண்ணீருக்கு இன்னும் கிட்டப் போயிருக்கும். நான் அதைச் சொல்லி முடிக்கமுன்பே அப்பா தலையாட்டினார். அவருக்கு அது கப்பலைப் பார்த்ததுமே தெரிந்திருந்தது.

“மேலுக்குப் பாரம் கூட. அடி காணாது. உது கரையிலை கட்டி நிக்கேக்கையே ஆடியிருக்குமே.”

ஆடியது. அதுதான் அடுத்து வழிகாட்டி சொன்ன கதை. கப்பல் புறப்படுமுன் முப்பது ஆட்களை மேல்தளத்தில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக ஓடவிட்டுச் சோதித்தார்கள். மூன்று தரம் ஓடியதும், இன்னும் ஓடினால் கவிழும் என்று கடற்படைத் தளபதி கிளாஸ் ஃப்ளெமிங் நிறுத்திவிட்டார். ஆனால் பயணத்தை ஒருவரும் நிறுத்தவில்லை. ராசா போலந்தோடு சண்டைக்குப் போய் அங்கே நின்றார், கப்பலைச் சுறுக்காக அனுப்பு என்று கடிதம் போட்டுக்கொண்டிருந்தார். கட்டத் தொடங்கிய ஹொல்லாந்துக்காரர், ஹென்றிக் ஹீபெர்ட்சன், கப்பல் முடிவதற்கு முதல் வருடமே இறந்துபோனார். பிறகு நடந்த விசாரணையில் ஒருவருக்கும் தண்டனை இல்லை.

“தண்டையலுக்குத் தெரிஞ்சிருக்கும்,” என்றார் அப்பா.

“தண்டையல் எண்டால்?”

“கப்பலுக்குப் பெரியவர். கப்டன்.”

அந்தச் சொல்லை நான் அன்றுதான் கேட்டேன். அதற்குப் பிறகு ஒழுங்கு மாறிவிட்டது. வழிகாட்டி சொல்வதில் பாதிக்கு என்னிடம் தமிழே இருக்கவில்லை. எங்கள் வீட்டுத் தமிழில் சோறு இருந்தது, பள்ளிக்கூடம் இருந்தது, பனி இருந்தது. கப்பல் இருக்கவில்லை. நான் கையைக் காட்டுவேன், அப்பா சொல்லுவார். முன்பக்கம் அணியம். பின்பக்கம் கடையார். அடியில் முதுகெலும்பு போல ஓடுவது ஏரா. அதிலிருந்து விலா எலும்பாக எழும்புவது வங்கு. திருப்புவது சுக்கான். பலகைக்கும் பலகைக்கும் நடுவில் தும்பை அடித்து இறுக்குவது கலப்பத்து. வரிசையில் நின்று மீன் அடுக்குகிற, வங்கிக் கடிதத்தை என்னிடம் நீட்டுகிற அப்பா ஒரு சொல்லுக்கும் தடக்கவில்லை. ஒவ்வொன்றும் நாக்கில் இருந்தது. அப்பப்பா வத்தை கட்டுகிற இடத்தில் தலைமை மேஸ்திரிக்குக் கூட நின்றவராம். அப்பா என் வயதில் பள்ளிக்கூடம் விட்டுவந்து கலப்பத்துக்குத் தும்பு முறுக்குவாராம், சுறா எண்ணெய் பூசுவாராம். பத்து வருடமாக இதில் ஒன்றையாவது அவர் ஏன் எனக்குச் சொல்லவில்லை என்று அன்றைக்கு நான் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றியது எனக்கே பிள்ளைகள் பிறந்த பிறகு.

அடுத்தது அவரை உலுப்பிவிட்டது. அந்தக் கப்பல் 333 வருடம் தண்ணீருக்கடியில் கிடந்தது. 1956இல் அண்டெர்ஸ் ஃபிரான்சென் என்பவர் அதைக் கண்டுபிடித்தார், 1961 ஏப்ரல் 24ஆம் திகதி மேலே தூக்கினார்கள். பிறகு மரம் வெடிக்காமல் இருக்க, உள்ளே ஊறிய தண்ணீருக்குப் பதிலாக மெழுகு போன்ற ஒன்றை ஏற்றுவதற்குப் பதினேழு வருடம் அதன் மேல் மருந்துத் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருந்தார்கள்.

“முந்நூறு வருசமோ? புழு திண்டிருக்குமே. வடிவாக் கேள்.”

வடிவாகக் கேட்டேன். மரம் தின்னும் கடற்புழுவுக்கு நல்ல உப்புத் தண்ணீர் வேண்டும், பால்டிக் கடலின் இந்தப் பக்கத்தில் உப்புக் குறைவு, அதனால் புழு இல்லை என்றார். அப்பா அதை இரண்டாம் தரமும் சொல்லச் சொன்னார். பிறகு மெதுவாக, எனக்குச் சொல்கிறாரா கப்பலுக்குச் சொல்கிறாரா என்று தெரியாமல், “எங்கடை கடல் உப்பு,” என்றார். “தாண்டது ஒண்டும் மிஞ்சாது.”

என்ன மரம் என்றும் கேட்கச் சொன்னார். வழிகாட்டி ‘ஏக்’ என்றார். எங்கள் மொழியில் ‘ஐக்’. ஆயிரம் மரமளவில் வெட்டியிருப்பார்கள், வெளியே புல்வெளியில் நிற்பதும் அதே மரம்தான் என்றும் சொன்னார். நான் கொப்பியைத் திறந்து இலையை எடுத்து நீட்டினேன். அப்பா அதை வாங்கி அந்த மங்கலான வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

மேல் பீரங்கித் தளத்தின் ஒரு பகுதியை அதே அளவில் புதிதாகச் செய்து வைத்திருந்தார்கள். அதற்குள் போகலாம், தொடலாம். அப்பா குனிந்து உள்ளே போய்ப் பலகைகளின் மூட்டில் பெருவிரலை வைத்து, சுவர் முழுக்க இழுத்துக்கொண்டே நடந்தார். தொழிற்சாலையில் மீன் தசைக்குள் முள் கிடக்கிறதா என்று பார்ப்பதும் அதே விரலால்தான். ஒரு இடத்தில் நின்று, நகத்தால் தட்டி, காதை வைத்தார். அங்கே நின்றுதான் அன்னபூரணியின் கதையைச் சொன்னார்.

“எங்கடை ஊரிலை கட்டின கப்பல். ரெண்டு பாய்மரம். வேப்ப மரம் முழுக்க. அப்பப்பா அப்ப சின்னப் பெடியன். அது அமெரிக்கா மட்டும் போனது.”

நான் நம்பினேன். பத்து வயதில் அப்பா சொன்னால் நம்பத்தானே வேண்டும். பெரியவளான பிறகு தேடி வாசித்தபோது எல்லாம் அப்படியே இருந்தது. அமெரிக்கர் ஒருவர் அதை வாங்கி, ஃப்ளோரென்ஸ் சி. ரொபின்சன் என்று பெயர் மாற்றினார். வல்வெட்டித்துறை ஆட்களே ஓட்டிப்போய் 1938இல் குளொஸ்டர் துறைமுகத்தில் சேர்த்தார்கள். வாசாவுக்குள் கண்டெடுத்த அளவுகோல்களைப் பற்றியும் அதே காலத்தில்தான் வாசித்தேன். நான்கு கோல்கள். சில சுவீடன் அடி, சில ஆம்ஸ்டர்டாம் அடி, இரண்டும் வேறு நீளம். கப்பலின் ஒரு பக்கம் மற்றப் பக்கத்தைவிடப் பாரம். தொலைபேசியில் இதைச் சொன்னதும் அப்பா சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அப்பப்பாவின்ரை இடத்திலை ஒரு கோல்தான்,” என்றார். “மற்றதெல்லாம் அதிலை வைச்சு வெட்டினது.”

அம்மா எங்களோடு வரவில்லை. கீழே, கப்பலுக்குள் கிடந்த எலும்புகளை வைத்திருக்கும் இடத்தில் நின்றா. நாங்கள் தேடிப் போனபோது தம்பி நித்திரையாகித் தோளில் கிடந்தான்.

“இவையின்ரை வீட்டுக்காரருக்கு ஆரும் சொல்லியிருப்பினமே?” என்றா.

அதை வழிகாட்டியிடம் கேட்கச் சொல்லி எனக்குச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

வெளியே வந்தபோது அருங்காட்சியகம் மூடுகிற நேரம். இரவு தென்பக்கம் ஓடினோம். எங்கள் ஊரில் யூலையில் இரவு என்றால் மஞ்சள் வெயில். அன்றைக்கு, சுவீடனின் காட்டுக்குள், கோடையில் இருட்டைக் கண்டேன். அப்பா காரின் விளக்கைக் கூட்டினார். அம்மாவும் தம்பியும் நித்திரை. நான் பின்சீற்றின் நடுவில் முன்னுக்குச் சரிந்து இருந்தேன்.

“ஏராவுக்கு நொஸ்கிலை என்ன?”

“ஷோல்.”

“ஷோல்,” என்றார். “வங்குக்கு?”

எனக்குத் தெரியவில்லை. அடுத்த நாள் டென்மார்க் போகும் பாதையில் ஏறிய பிறகும் யோசித்துக்கொண்டிருந்தேன்.

கலியாணம் நன்றாக நடந்தது. அதில் எனக்கு ஞாபகம் இருப்பது மாமாவின் தலைப்பாகை மட்டும்தான். திரும்பி வந்ததும் அப்பா செஞ்சிலுவைச் சங்கத்தின் தாளில் ஊருக்கு எழுதினார். குடும்பச் செய்தி மட்டும் எழுதலாம், தாள் திறந்தபடி போகும். சுகம் கேட்டு, கலியாணம் சொல்லி, மிச்சம் இருந்த இடத்தில் கப்பலைப் பற்றி நாலு வரி எழுதினார்.

பதில் இருட்டுக் காலத்தில் வந்தது. பகல் பன்னிரண்டு மணிக்கும் விளக்கு எரிகிற நாள். அப்பப்பாவின் கையெழுத்து. இருவரும் சுகம், வீட்டில்தான் இருக்கிறோம், கிணறு நல்லாயிருக்கிறது, முன்பக்கக் கூரை இல்லை. கடைசி வரியில்: கப்பல் என்ன மரம்?

அம்மா அந்தத் தாளை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதா. அப்பா அன்றிரவே பதில் எழுத உட்கார்ந்தார். எழுதத் தொடங்கி நிறுத்திவிட்டு, என்னைக் கூப்பிட்டு, ஐக் மரத்துக்குத் தமிழ் என்ன என்று கேட்டார். எனக்குத் தெரியாது, அவருக்கும் தெரியாது. ஐக் என்று எழுதினால் அவருக்கு என்ன விளங்கும் என்றார். நான் போய்க் கொப்பியை எடுத்துவந்தேன். இலை காய்ந்து மண்ணிறமாகியிருந்தது, ஒரு மூலை உடைந்திருந்தது. தாளோடு எதையும் வைத்து அனுப்ப முடியாது. அப்பா இலையைத் தாளின் மேல் வைத்து, இரண்டு விரலால் மெதுவாக அழுத்திப் பிடித்துக்கொண்டு, நீலப் பேனாவால் அதன் விளிம்பைச் சுற்றி, ஒவ்வொரு வளைவுக்குள்ளும் போய்ப் போய்க் கீறினார். உடைந்த மூலையை மற்றப் பக்கத்தைப் பார்த்து நிரப்பினார். இலையை எடுத்துவிட்டு நடு நரம்பைப் போட்டார். கீழே எழுதினார்: இலை இந்த அளவு. கப்பலுக்கு 1,000 மரம்.